எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வலி மட்டும் அப்படியே இருக்கிறது: மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பில் சேரலாமா?

கேட்டவர்: கணக்குப்பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது, பெண், தணிக்கை வேலை. மூன்று வருடங்களாக இடது நெஞ்சில் ஒரு இறுக்கம், இடது கையில் மரத்துப்போவது மாதிரி உணர்வு, நடுநடுவே தலைசுற்றல். மூன்றும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். வேலை நெருக்கடியில் வந்தால் "டென்ஷன்" என்று சொல்லிக்கொள்ளலாம். விடுமுறையில் சும்மா சாய்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதும் வருகிறது.

இசிஜி எத்தனை தடவை எடுத்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எக்கோ, டிரெட்மில், கழுத்துக்கு எம்ஆர்ஐ, மூளைக்கு எம்ஆர்ஐ, நரம்புச் சோதனை, தைராய்டு, பி12 எல்லாம் ஆயிற்று. எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன். தொழில் புத்தி. கணக்கில் ஒற்றை இலக்கம் இடித்தாலும் தூங்காமல் தேடுகிற ஆள் நான். என் உடம்புக் கணக்கு மூன்று வருடமாக டேலி ஆகவில்லை.

ஐந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. நாலாமவர் கோப்பைத் திறக்கக்கூட இல்லை, "உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஐந்தாமவர் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். "உங்கள் வலி நிஜம். ஆனால் இன்னொரு சோதனை எடுத்து அது தீரப்போவதில்லை" என்றார். எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு ஒன்றில், அதாவது உடம்பிலும் மனதிலும் அந்தந்த நொடி நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகும் வகுப்பில், சேரச் சொல்லியிருக்கிறார். அதில் "பாடி ஸ்கேன்" என்று ஒரு பயிற்சி உண்டாம். எடுத்த ஸ்கேன் போதாதென்று இன்னொன்றா என்று சிரிப்புத்தான் வந்தது.

இது "எல்லாம் உன் கற்பனை" என்பதையே மரியாதையாகச் சொல்கிற வழியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. நான் ஏற்கெனவே இருபத்துநாலு மணி நேரமும் என் உடம்பைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கவனி என்றால் அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது ஆகாதா? அப்புறம், இதில் மூழ்கியிருக்கும்போது நிஜமாகவே ஒரு நோய் வந்து தவறவிட்டால்?

போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "யோகா செய்யுங்கள், சரியாகிவிடும்" மாதிரி பதில்கள் வேண்டாம், தயவுசெய்து.

---

பதில்: பழைய வயிறு

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. அதே கேள்வியோடுதான் நானும் உள்ளே போனேன்.

எனக்கு வலது விலா எலும்புக்குக் கீழே வலி, ஆறு வருடம். இரண்டு எண்டோஸ்கோபி, ஒரு கொலனோஸ்கோபி, பித்தப்பைக்கு மூன்று ஸ்கேன். ஒன்றும் சிக்கவில்லை. வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம், தினமும் வீட்டில் முக்கால் மணி நேரப் பயிற்சி, நடுவில் ஒரு முழுநாள் மௌன அமர்வு. முதல் நாளே ஆளுக்கொரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார், முகர்ந்து பார், விரலில் உருட்டிப் பார், மெதுவாகக் கடி என்றார்கள். ஆறு வருட வலியோடு வந்தவனுக்கு உலர்திராட்சை! அன்றே எழுந்து போயிருப்பேன். முன்பணம் கட்டியிருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறையை 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் தொடங்கினார். வழக்கமான சிகிச்சையில் தேறாத நோயாளிகளுக்காக ஆரம்பித்தது. 1982-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே நாள்பட்ட வலியோடு இருந்த 51 பேரைப் பற்றியதுதான். இதைப் படித்த பிறகுதான் "இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு" என்ற என் எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது.

பாடி ஸ்கேன் என்றால் படுத்துக்கொண்டு இடது கால் விரலில் ஆரம்பித்து, கணுக்கால், முழங்கால், தொடை என்று கவனத்தை மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டு வருவது. அவ்வளவுதான். முதல் வாரம் முழுக்க என் கவனம் காலில் நிற்கவே இல்லை. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி நேரே வயிற்றுக்குப் போய்விடும். "நான் இதைத்தானே நாள் பூராவும் செய்துகொண்டிருக்கிறேன்" என்று பயிற்சி தந்த அம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. "சரி, அந்த வலி எவ்வளவு பெரிசு? ஓரம் எங்கே முடிகிறது? சூடா, குத்தலா, இழுப்பா? அசைகிறதா?" என்று கேட்டார்.

என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஆறு வருடம் கூடவே இருந்த வலி!

அன்று ராத்திரிதான் உறைத்தது. நான் வலியைக் கவனித்ததே இல்லை. வலி எதில் கொண்டுபோய் விடும் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்று குத்தினால் அடுத்த நொடி புற்றுநோய், அதற்கடுத்த நொடி ஆபரேஷன், அப்புறம் பிள்ளைகள் என்ன ஆவார்கள். குத்தல் இரண்டு நொடி. மிச்சம் அரை மணி நேரம். நீங்கள் இருபத்துநாலு மணி நேரமும் உடம்பைக் கவனிக்கிறேன் என்கிறீர்களே, அதுவும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திருடன் வருவானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வாசல் என்ன நிறம் என்று தெரியாது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் இரவு பார்த்தேன். வலி உள்ளங்கை அளவு இருந்தது. ஓரங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. நாலைந்து மூச்சுக்கு ஒரு தடவை முழுக்கக் காணாமல் போய்த் திரும்பி வந்தது. "எப்போதும் வலிக்கிறது" என்று ஆறு டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னேன் என்று இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை.

இதோடு நிறுத்தினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நாலாவது வாரம் வலி கூடியது. நிஜமாகவே கூடியது. விட்டுவிடலாம் என்று இரண்டு முறை முடிவெடுத்தேன். அதே சமயம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியும் எனக்கு ஒத்துவரவில்லை. மூச்சைப் பார்த்தால் மூச்சு போதாத மாதிரி தோன்றி நெஞ்சு அடித்துக்கொள்ளும். "மூச்சு வேண்டாம், உள்ளங்கால் தரையில் படுகிற இடத்தைப் பாருங்கள்" என்று மாற்றிக் கொடுத்தார்கள். இன்று வரை எனக்கு உள்ளங்கால்தான். உங்களுக்கு நெஞ்சு இறுக்கம் என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன். மூச்சு கட்டாயம் இல்லை.

அப்புறம் ஒரு நோட்டு எழுதச் சொன்னார்கள். என்ன உணர்ந்தேன், என்ன நினைத்தேன், என்ன செய்தேன் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில்தான் மாட்டிக்கொண்டேன். வலி இருக்கிறதா என்று பார்க்க வலது விலாவுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளில் இருபது தடவைக்கு மேல். ஒரே இடத்தைத் தினமும் இருபது தடவை அழுத்தினால் யாருக்குத்தான் வலிக்காது? அதை நிறுத்த இரண்டு மாதம் ஆயிற்று. கை தன்னால் போகும். போவதைப் பார்த்துவிட்டால் பாதியில் நிறுத்தலாம்.

எட்டு வாரம் முடிந்தபோது என் வலி பத்துக்கு ஆறிலிருந்து ஐந்துக்கு வந்திருந்தது. இவ்வளவுதானா என்பீர்கள். இவ்வளவுதான். ஆனால் மாதம் மூன்று நாலு நாள் போட்டுக்கொண்டிருந்த லீவு நின்றது. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் அறிகுறியைத் தேடிப் படிப்பது நின்றது. இது எல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது முக்கால் மணி நேரம் எல்லாம் இல்லை. பெரும்பாலான நாள் கால் மணி நேரம். மோசமான நாளில் மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று இருக்கிறது, அது மட்டும். சில வாரம் அதுவும் கிடையாது.

---

பதில்: இரவுப்பணி

மேலே அண்ணன் எழுதியது நன்றாக இருக்கிறது. எனக்கு நடந்தது வேறு, அதுவும் இங்கே பதிவாகட்டும்.

எனக்கு உடம்பு முழுக்க வலி, கூடவே தாங்க முடியாத அசதி. வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது பழைய சம்பவம் ஒன்று அப்படியே திரும்ப வந்தது. சின்ன வயதில் நடந்தது, விவரம் வேண்டாம். உடம்பு நடுங்கிவிட்டது. பயிற்சியாளர் "அதனோடு இருங்கள், அது கடந்து போகும்" என்றார். கடந்து போகவில்லை. பத்து நாள் தூக்கம் இல்லை. நான் விலகிவிட்டேன்.

பிறகு தனியாக ஒரு உளவியல் நிபுணரிடம் அந்தப் பழைய விஷயத்துக்கே சிகிச்சை எடுத்தேன். வலிக்கு, பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினேன். எனக்கு உதவியது இவை இரண்டும்தான்.

அதனால் அக்கா, சேருவதற்கு முன்னால் பயிற்சியாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நடுவில் யாருக்காவது மோசமானால் என்ன செய்வீர்கள்? கண்ணைத் திறந்தபடி செய்யலாமா? பளிச்சென்று பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். சேர்வதற்கு முன் தனியாக உட்கார்ந்து உங்கள் பழைய கதையைக் கேட்காத இடமும் வேண்டாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

---

பதில்: எட்டாம் நம்பர் அறை

நான் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே மருத்துவ ஆலோசனை தர முடியாது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கற்பனை விஷயம். போன் பையில் இல்லாதபோதே தொடையில் அது அதிர்ந்த மாதிரி எப்போதாவது உணர்ந்திருப்பீர்கள். அந்த அதிர்வு நடிப்பு இல்லை, நிஜமாகவே உணர்ந்தீர்கள். போன்தான் அங்கே இல்லை. உடம்பிலிருந்து வரும் தகவலை மூளை அப்படியே வாங்கி வைப்பதில்லை. என்ன வரும் என்று எதிர்பார்க்கிறதோ அதையும் சேர்த்துத்தான் உணர்வாக்குகிறது. அபாயம் வரும் என்றே காத்திருக்கும் மூளை, சின்னச் சலசலப்பையும் பெரிதாக்கிக் காட்டும். வலி நிஜம், திசுவில் சேதம் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். மனநலப் பிரச்சினைகளை எப்படிக் கண்டறிவது என்று சொல்லும் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேடு 2013-இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, இந்த மாதிரி நிலைகளுக்கு "மருத்துவக் காரணம் இல்லாதது" என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். காரணம் கிடைத்ததா என்பதை விட, அறிகுறி ஒருவரின் நினைப்பையும் நேரத்தையும் எவ்வளவு தின்கிறது என்பதே இப்போது அளவுகோல்.

பலன் எவ்வளவு என்றால், பழைய வயிறு சொன்ன ஆறிலிருந்து ஐந்து என்ற கணக்கு ஆராய்ச்சியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. 2013-இல் நெதர்லாந்தில் காரணம் பிடிபடாத அறிகுறிகள் உள்ள 125 பேரிடம் செய்த ஆய்வில், மொத்த உடல்நிலை எப்படி இருக்கிறது என்று அவர்கள் தந்த மதிப்பில் வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மனநிலை சார்ந்த அளவுகளில்தான் முன்னேற்றம் தெரிந்தது. குடல் எரிச்சல் நோய் உள்ள 75 பெண்களிடம் 2011-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் பலன் கூடுதல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மைண்ட்ஃபுல்னெஸ் குழுவில் அறிகுறிகளின் தீவிரம் 38 சதவீதம் குறைந்திருந்தது, வெறும் ஆதரவுக் குழுவில் 12 சதவீதம்.

எனக்குப் பிடித்தது டென்மார்க்கில் நடந்த ஆய்வு. 119 பேர். ஒரு பாதிக்கு மைண்ட்ஃபுல்னெஸ். இன்னொரு பாதியை அப்படியே விட்டுவிடவில்லை. நிபுணர் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசி, என்ன நடக்கிறது என்று விளக்கி, ஒரு திட்டமும் போட்டுக் கொடுத்தார். இரு பக்கமும் தேறினார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் பக்கம் கொஞ்சம் சீக்கிரமாகத் தேறியது. உங்கள் ஐந்தாவது டாக்டர் செலவழித்த அரை மணி நேரத்தை லேசாக நினைக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவரை விட்டுவிட்டு ஆறாவது டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

நோயைத் தவறவிடும் பயத்துக்கும் வழி அவரிடமே இருக்கிறது. வலி கூடினாலும் குறைந்தாலும், குறித்த இடைவெளியில், உதாரணமாக ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, அதே டாக்டரைப் பாருங்கள். வலி கூடினால்தான் டாக்டர் என்ற கணக்கு, வலியைக் கூட்டவே உடம்பைப் பழக்கிவிடும். ஆனால் பயிற்சியால் எதையும் சமாளித்துக்கொண்டு உட்காரவும் கூடாது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ புதிதாக வரும் நெஞ்சு வலி, வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வருவது, கையில் வலு குறைந்து பொருள் நழுவுவது, முகம் கோணுவது, பேச்சு குழறுவது, மயங்கி விழுவது, காரணமில்லாமல் எடை குறைவது. இதில் எது வந்தாலும் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே மருத்துவமனை. பழைய வலியே பழைய மாதிரி வருகிறது என்றால் அதற்குப் பயிற்சி.

இரவுப்பணி சொன்னது மிக முக்கியம். அந்தப் பயிற்சியாளர் அங்கே பயிற்சியை நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொன்று, இந்த வகை அறிகுறிகளுக்கு அதிகம் ஆராயப்பட்டது சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான், அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றிப் பழகும் பேச்சுச் சிகிச்சை. மைண்ட்ஃபுல்னெஸ் ஒத்துவராவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை:

மூவருக்கும் நன்றி. தங்கை இரவுப்பணிக்குத் தனியாக. அதை எழுத எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று தெரிகிறது.

பழைய வயிறு எழுதிய அந்த மூன்றாவது பத்தியைப் படித்ததும் சிரித்தேன், "நான் அப்படி எதையும் அழுத்திப் பார்ப்பதில்லையே" என்று. இன்று காலை ஆபீசில் ஒரு தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இடது மணிக்கட்டில் நாடி பார்ப்பதற்கு ஒரு கோடு, கை மரத்திருக்கிறதா என்று விரல்களை உரசிப் பார்ப்பதற்கு ஒரு கோடு. மதியத்துக்குள் 31. நடுவில் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நாடி பார்த்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். தணிக்கை செய்கிறவளுக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும்!

டாக்டரிடம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை தேதி கேட்டேன், உடனே ஒத்துக்கொண்டார். பயிற்சியாளரிடம் அந்த இரண்டு கேள்வியையும் போனில் கேட்டேன். கண்ணைத் திறந்தே செய்யலாமாம், முதலில் தனியாக ஒரு மணி நேரம் பேசுவார்களாம். அடுத்த மாதத் தொடக்கத்தில் வகுப்பு. கோப்பைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம். மல்லாந்து படுத்தால் எனக்குத் தலைசுற்றல் வரும். நாற்காலியில் உட்கார்ந்து பாடி ஸ்கேன் செய்யலாமா? படுத்தால் தூங்கியும் போவேன்.

---

பழைய வயிறு:

தாராளமாக நாற்காலியில் செய்யலாம். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் எட்டு வாரமும் நாற்காலியில்தான். ஒருவர் நின்றுகொண்டே செய்தார், முதுகு வலிக்காரர்.

தூங்கினாலும் ஒன்றும் இல்லை. முதல் வாரம் எல்லோரும் படுத்திருக்கும்போது ஹாலில் யாரோ பலமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்களாம். முடிந்த பிறகு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

31 என்பது நல்ல எண்ணிக்கை. வகுப்பு தொடங்கும் வரை குறைக்க முயற்சி செய்யாதீர்கள், கோடு மட்டும் போட்டுக்கொண்டே வாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

இதை எழுதி முடிப்பதற்குள் 34.